தெரியாத இடத்தை வெள்ளையாக விட்டவர்

நேசமலர் அக்கா இறந்த செய்தி எனக்கு மின்னஞ்சலில் வந்தது. எனக்கு மட்டும் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் எழுதிய 'ஊற்று' என்ற மென்பொருளின் பயனர் குழு முகவரிக்கு வந்திருந்தது. அதாவது, அவர் முகத்தையே பார்த்திராத பிரேசில்காரருக்கும் எகிப்துக்காரருக்கும் எப்போது தெரிந்ததோ அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அவர் வீடு தஞ்சோங் கிளிங்கில், என் அலுவலகம் பக்கத்திலேயே மலாக்கா டவுனில். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அவருடைய அண்ணனைத் தொலைபேசியில் பிடித்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்கள் வீட்டில் ஆள் இல்லையா என்று கத்திவிட்டேன். அவர் பாவம். தங்கையின் கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்ததாம். முகவரிகளில் முதலாவதாக அதுதான் நின்றதாம். யாருக்குச் சொல்வது, யாரை விடுவது என்று புரியாமல் அதற்கே எழுதிப் போட்டாராம். காலையில் சமையலறையில் விழுந்தவர் மருத்துவமனை போய்ச் சேரவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள்.

இதை நான் எழுதுவது மலாக்காவில் அவரை அறிந்தவர்களுக்காக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும், உம்பாய்க் கடற்கரை மீன்காரர்களிடம் அவர் போடும் சண்டையைக் கேட்டவர்களுக்கும், பிள்ளைகளை அவரிடம் கணக்கு டியூஷனுக்கு அனுப்பியவர்களுக்கும். அவ்வளவு படித்தவர் ஏன் நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் வேலையை விடவில்லை. வேலைதான் அவரை விட்டது. அது எப்படி என்பதை இனியாவது சொல்லியாக வேண்டும்.

அணை வற்றி, ஊரே வாளியும் கையுமாக நின்ற வறட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எல்லாரும் நிலத்துக்கு அடியில் தண்ணீர் தேடினார்கள். தேடிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் அக்கா நிலவியலாளர், நான் கம்ப்யூட்டர் ஆள். ஒவ்வொரு துளைக் கிணற்றிலும் ஆழம் என்ன, பாறை என்ன, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று எண்கள் வரும். அந்த எண்களை வண்ண வரைபடமாக்கும் மென்பொருளை அக்கா தன் வீட்டுக் கணினியில் எழுதினார். நல்ல தண்ணீர் நீலம், உப்பு சிவப்பு. அதற்கு 'ஊற்று' என்று பெயர் வைத்தார். பிறகு, எழுதிய நிரலை வரிக்கு வரி அப்படியே இணையத்தில் போட்டு, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட்டார். இப்போது இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் சொல்கிறார்கள். அப்போது எங்கள் முதலாளி பாலன் சொன்ன பெயர் பைத்தியக்காரத்தனம்.

அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வரைவதை அவர் கீறுவது என்பார். "மேப் கீறியாச்சோ?" என்று கேட்கும்போதெல்லாம் நான் பிளேடைத் தேடுவதுபோல் மேசையைத் தடவுவேன். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். நிரலை ஏன் ஊருக்குத் திறந்துவிட்டீர்கள் என்று ஒருநாள் நான் கேட்டதற்கு, "பூட்டி வைச்ச கணக்கை ஆர் திருத்துறது?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அந்தப் பேச்சு தன்மேலேயே வந்து விழும் என்று அன்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

லூபோக் சீனா பக்கத்தில் உள்ள தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். என் அம்மா இன்னும் அங்கேதான் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிறார். வெயில் காலத்தில் அங்கே தண்ணீர் லோரியில் வரும், சில நாள் வராது. கெஞ்சிக் கூத்தாடிய பிறகு தோட்ட நிர்வாகம் ஒரே ஒரு ஆழ்குழாய்க் கிணறு தோண்டச் சம்மதித்தது. அது உப்பாகப் போனால் இன்னொன்று கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இடம் காட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. ஊற்று வரைந்த படத்தில் லயங்களுக்குப் பின்னால் அடர்ந்த நீலமாக ஒரு திட்டு. அதைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நான் அம்மாவிடம் போய்ச் சொல்லி, அவர் லயம் முழுவதும் சொல்லி, கோயிலில் பொங்கல்கூட வைத்துவிட்டார்கள்.

துளையிடும் நாளன்று காலை அக்கா மின்னஞ்சலைத் திறந்தார். தாய்லாந்துக் கடலோரத்தில் ஊற்றைப் பயன்படுத்தும் ஒரு பொறியாளர் எழுதியிருந்தார். படம் நீலம் காட்டிய இடத்தில் தனக்கு உப்பு வந்ததாகவும், நிரலைத் திறந்து படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும். ஒரு கிணற்றில் உப்பை யாரும் அளக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோம். ஊற்று அந்த வெறுமையைப் பூஜ்யம் என்று வாசித்தது. உப்பு பூஜ்யம் என்றால் நன்னீர். அளக்காத இடமெல்லாம் எங்கள் படத்தில் மிக நல்ல தண்ணீராகிவிட்டது. அக்கா எங்கள் தோட்டத்து எண்களை எடுத்துப் பார்த்தார். நீலத் திட்டின் நடுவில் ஒரு பழைய கிணறு. ஆழம் எழுதியிருந்தது. உப்பு எழுதியிருக்கவில்லை. அங்கிருந்து லிங்கி ஆறு கூப்பிடு தூரம், அதில் கடல் தண்ணீர் ஏறி வரும்.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டோம், எடுக்க ஆள் இல்லை. எல்லாரும் கிணற்றடியில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவின் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. முந்தவே முடியவில்லை. நான் லோரிக்காரனைத் திட்டிக்கொண்டே போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. துளைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நேராக அதனருகில் போய்க் கையை உயர்த்தி, நிறுத்துங்கள் என்றார். சத்தம் அடங்கியது. படத்தில் பிழை இருக்கிறது, அது தான் செய்த பிழை, இந்த இடத்தில் என்ன தண்ணீர் இருக்கிறதென்று தனக்குத் தெரியாது என்றார். கோயில் தலைவர் மாணிக்கம் மாமா முன்னால் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று குரலை உயர்த்தினார்.

"போன வாரம் இங்கதான் தண்ணின்னு சொன்னீங்க. இப்ப இல்லைங்கறீங்க. எங்களப் பார்த்தா எப்படிலா இருக்கு உங்களுக்கு?"

"இல்லை எண்டு நான் சொல்லேல்லை ஐயா. தெரியாது எண்டுதான் சொல்றன். தெரியாது வேற, இல்லை வேற. என்ட புரோகிராம் ரெண்டையும் ஒண்டாக்கிப் போட்டுது."

பின்னாலிருந்து எவனோ கெட்ட வார்த்தை சொன்னான். நான் திரும்பி அவனை அடிக்கப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. முதலில் மெல்லிய துளை ஒன்று போட்டு, வருகிற தண்ணீரை அளந்துவிட்டுப் பெரிதாக்கலாம் என்று துளைக்கும் சீனரிடம் மலாயில் கேட்டார். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார். பிறகு காத்திருப்புதான். வெயில் ஏறியது. எங்களுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. வழக்கமாக ஓடி வந்து தேத்தண்ணி கொடுக்கும் சனம், அன்று எங்களைச் சுற்றி வட்டமாக, சும்மா பார்த்துக்கொண்டு நின்றது.

சேறு வந்தது, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த நீர். அக்கா உப்பு அளக்கும் கருவியை வாளியில் விட்டார். எண்ணைப் பார்த்தார், துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். நல்ல தண்ணீர். சத்தியமாக நல்ல தண்ணீர். சனம் போட்ட சத்தத்தில் காக்காயெல்லாம் பறந்தன. மாணிக்கம் மாமா சிரித்துக்கொண்டே, சும்மா இருந்த எங்களை இப்படிப் பயமுறுத்திவிட்டீர்களே மேடம் என்றார். அக்கா சிரிக்கவில்லை. என்னிடம், "வா சேகர், ஊற்றைப் பாவிக்கிற எல்லாருக்கும் மெயில் போடவேணும்" என்றார்.

அலுவலகத்தில் பாலன் காத்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதம் ஒரு பெரிய வேலைக்கு எங்கள் கம்பெனியின் பெயரைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

"தண்ணி நல்லா வந்திருச்சுலா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. சத்தமில்லாம திருத்திடுங்க. ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டா நம்ம மேப்ப எவன் நம்புவான்?"

"எங்களுக்கு வந்தது அதிர்ஷ்டம், பாலன். இதை வைச்சு இண்டைக்கு ஆர் எங்க தோண்டுகினமோ, எனக்குத் தெரியாது."

அந்த மெயிலை அனுப்பினால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்றார் அவர். அக்கா உட்கார்ந்து எழுதினார். பிழை என்னுடையது, வெறுமையைப் பூஜ்யமாக வாசிக்கிறது, திருத்தியது கிடைக்கும்வரை தயவுசெய்து துளைக்காதீர்கள், கீழே முழுப் பெயர். மோடம் கத்தியது, லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். பாலன் பின்னாலேயே நின்றார். ஒரு கட்டத்தில் குனிந்து சுவரில் இருந்த தொலைபேசி வயரைப் பிடித்தார். நான் எழுந்துவிட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லைன் கிடைத்தது, மெயில் போனது. அப்போதும் வயர் பாலன் கையில்தான் இருந்தது. அக்கா தன் கைப்பையையும் மேசையில் இருந்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

வந்த பதில்களில் பெரும்பாலும் நன்றிதான். ஒன்று மட்டும் வேறு. உங்கள் மெயில் தாமதமாக வந்தது, நாங்கள் உப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எங்கோ ஒரு கடலோரக் கிராமத்துக்காக ஒருவர் எழுதியிருந்தார். அக்கா அவருக்கு மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஊரின் எண்களையெல்லாம் வாங்கி, அடுத்த கிணற்றுக்கு இடம் தேடிக் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார். டியூஷன் பிள்ளைகள் வெளியே காத்திருக்க, திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊற்று வரையும் படங்களில் அளக்காத இடம் வெள்ளையாக இருக்கும். படம் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள். "வடிவா இல்லையெண்டால் போய் அளந்து நிரப்பட்டும்" என்பார் அக்கா.

அடக்கத்தன்று பாலன் வந்தார். அந்தப் பெரிய வேலை எங்களுக்குத்தான் கிடைத்தது, அந்த மெயிலால் எதுவும் கெட்டுப்போகவில்லை. இருந்தும் அவர் அக்காவைத் திரும்ப அழைக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, மெல்ல, "என் மேல அவங்களுக்குக் கோபம் இருந்துச்சா சேகர்?" என்று கேட்டார்.

என் நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லி அந்த மனிதரை அங்கேயே நோகடித்திருக்கலாம். சாவு வீட்டில் வழக்கமாகச் சொல்வதுபோல், சேச்சே, அவருக்கு ஏது கோபம் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் உட்கார்ந்து ஊற்றைத் திருத்திய இத்தனை காலத்தில், அக்கா பாலனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"தெரியாது பாஸ்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஊற்றை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அது மட்டும் இல்லை, தெரியாது என்ற இந்த ஒரு சொல்லும்தான். சவப்பெட்டியை எடுக்கும் நேரம் பாலன் சொன்னார், "அன்னிக்கு அந்த வயர ஏன் பிடுங்கலன்னு எனக்கே தெரியலலா."