மலையில் விற்ற போட்டோக்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவரும் நானும் கண்ணமங்கலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் இருந்தோம். அவர் கிடார் வாசிப்பார், நான் பாடுவேன். வேன் வாடகையும் ஜெனரேட்டர் வாடகையும் போக ஏழு பேர் பங்கு பிரித்தால் கையில் நிற்பது சொற்பம். அதனால் நாங்களே எழுதிய பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சடித்து மேடையோரம் விற்றோம்.

கீழே உள்ள ஊர்களில் ஓரளவு விற்றது. ஜவ்வாது மலையில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பகல் கச்சேரி செய்தபோது ஒன்றுகூடப் போகவில்லை. அங்கே பலருக்குப் படிக்கத் தெரியாது. இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை.

ஆனால் பாட்டு முடிந்தும் கூட்டம் கலையவில்லை. எல்லோருக்கும் கிடாரைத் தொட்டுப் பார்க்க ஆசை. எங்களோடு வந்திருந்த நண்பர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். "புக்கை மூட்ட கட்டுங்க அண்ணி. கிடாரப் புடிச்சினு நின்னா போட்டோன்னு சொல்லுங்க" என்றார். மைக்கில் சொன்னேன். அரை மணியில் ஒரு ரோல் ஃபிலிம் தீர்ந்தது. மாமனும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் கிடாரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள்.

மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி மட்டும் கிடாரைத் தள்ளிவிட்டாள். "இது வாணாங்க்கா. நீ பாடுனியே, அதக் குடு."

மைக்கைக் கொடுத்தேன். "நீ இன்னா பாடவா போற?" என்று அவள் புருஷன் சிரித்தான்.

"போட்டோல யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து நின்றாள்.

காசை அப்போதே வாங்கிவிட்டோம். விலாசம் கேட்டால் எல்லோரும் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். 'வெள்ளைத் தலைப்பா', 'மைக் அம்மா' என்றுதான் நோட்டில் குறித்தேன்.

படங்கள் தயாரானதும் என் கணவர் தயங்கினார். "ஊர் ஊரா நடக்கணுமே."

"நம்பிக் குடுத்திருக்காங்க. போய்ட்டு வந்துடலாங்க" என்றேன்.

அமிர்திவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையேறினோம். முதல் ஊரிலேயே கவலை தீர்ந்தது. உறையைப் பிரித்துக் கைமாற்றிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு முகத்துக்கும் வீடு சொன்னார்கள். "இவரு எங்க நாத்தனா வூட்டுக்காரரு, அடுத்த ஊரு. வாங்க, காட்டுறேன்" என்று கூடவே நடந்தார்கள்.

மஞ்சள் புடவைக்காரி சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மண் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"நெசமாவே பாடுற மாரி கீதுக்கா."

"இன்னா பாட்டு?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவள் வெட்கப்படவில்லை. நின்ற இடத்திலேயே களையெடுப்புப் பாட்டு ஒன்றைப் பாடினாள். அப்படியொரு மெட்டை நான் கேட்டதில்லை. என் கணவர் வரப்பில் உட்கார்ந்து விரலால் தாளம் போட்டார். இன்னொரு முறை பாடச் சொன்னோம்.

இறங்கும்முன் மூன்று ஊர்க்காரர்கள் தங்கள் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். போட்டோக்காரரையும் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார்கள். அவரும் எங்கள் குழுவில் பங்குதாரரானார். போட்டோ வருமானத்தில் இரண்டு வருடத்தில் சொந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கினோம்.

கூப்பிட்ட மூன்று ஊர்களில் மஞ்சள் புடவைக்காரியின் ஊரும் ஒன்று. அங்கே நடந்த கச்சேரியில் இரண்டாவது பாட்டை அவளுக்கே விட்டோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் களையெடுப்புப் பாட்டைப் பாடினாள். பாதியில் அடி மறந்து நின்றபோது கூட்டத்திலிருந்த பெண்கள் எடுத்துக் கொடுக்க, முழுதாகப் பாடி முடித்தாள்.