மூன்றாம் தொட்டிக்குப் போட்ட சுறா எண்ணெய்

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இடுப்பை நிமிர்த்த விடாத நாரி நோவால் கடல்தொழிலை விட்டபின், அடம்பன் பக்கத்தில் மீன்குஞ்சு வளர்க்கும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆராய்ச்சிக்கு வந்திருந்த இளம்பெண்ணை எல்லோரும் மிஸ் என்போம். மூன்று தொட்டிகளில் கெளிற்றுக் குஞ்சுகளை விட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு அளவில் எண்ணெய் சேர்த்த தீனியைப் போடச் சொன்னார். தீனியில் விலை கூடியது எண்ணெய்தான். எந்த அளவுவரை அதைக் குறைத்தாலும் குஞ்சுகள் தேறும் என்று அறிவதே அவருடைய வேலை.

மூன்றாம் தொட்டிக்கு எண்ணெய் ஆகக் குறைவு. இரண்டு கிழமையில் அந்தக் குஞ்சுகளுக்கு உடம்பு வற்றித் தலை மட்டும்தான் தெரிந்தது. எங்கள் கரையில் மெலிந்த பிள்ளைகளுக்குச் சுறா எண்ணெய் பருக்குவார்கள். என் மகளுக்கும் பருக்கினோம். இருந்தும் அவள் மூன்று வயதைத் தாண்டவில்லை. அந்தக் குஞ்சுகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து போத்தலைக் கொண்டுபோய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தினமும் தீனியில் பிசறிப் போட்டேன். நாலு சொட்டால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

குஞ்சுகள் தேறின. மிஸ் அவற்றை நிறுத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணை, எண்ணெய் குறைஞ்சும் இதுகள் கொழுத்திட்டுதுகள். என்ன மந்திரம் போட்டனீங்கள்?”

“ஒண்டுமில்லை மிஸ்.”

“கதைக்கிறதுக்கும் கூப்பனோ உங்களுக்கு, அரிசி மாதிரி அளந்து தாறியள்?”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனேன்.

அவர் எழுதிக்கொடுத்ததை நம்பி, பாப்பாமோட்டையில் குளம் வெட்டிய சில குடும்பங்கள் எண்ணெய் குறைந்த தீனியைப் போட்டன. குஞ்சுகள் வளரவே இல்லை. மாரிமழை தொடங்கியதும் செத்து மிதந்தன. ஒரு தாய் அவற்றை வாளியில் அள்ளிவந்து மிஸ்ஸின் மேசையில் வைத்தார்.

“படிச்ச பிள்ளையெண்டு நம்பினம். இந்தாங்கோ, உங்கட படிப்பு.”

அந்தத் தாய் போனபின் மிஸ், குஞ்சுகளின் நிறை எழுதிய கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“அண்ணை, நான் எதிலை பிழை விட்டனான்?”

“தெரியாது மிஸ்.”

அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் போனார். பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டவனும் நான்தான். “சுகமாயிருங்கோ அண்ணை” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவருடைய கொப்பியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை அவரிடம் சொல்லவேண்டும். எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்கக்கூட வெட்கப்பட்டே இத்தனை வருடமும் போய்விட்டது.

2017 பங்குனி 9