நான்காம் இலக்க ஜெர்சி

எங்கள் கழகத் தலைவரின் மருமகன் லெப்டொப்போடு வந்த நாளிலேயே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. காரணங்களை அன்றே டயரியில் எழுதிவைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் என் கதிரையில் உட்கார்ந்தார். என் கொப்பிகளை விரலை நாக்கில் நனைத்துப் புரட்டினார். “இதெல்லாம் டேட்டா அண்ணன். நீங்க சும்மா பூட்டி வெச்சி ஈக்கிறீங்க” என்றார்.

கெலிஓயாவில் பதினோரு வருடமாக உதைபந்துக் கழகத்தின் செயலாளர் நான். எங்கள் மைதானத்தில் எந்த அணி ஆடினாலும் கோட்டோரம் கதிரை போட்டு உட்கார்ந்து எழுதுவேன். யார் பந்தைப் பறித்தார், யார் தவறவிட்டார் என்பதெல்லாம் ஜெர்சி இலக்கப்படி பதிவாகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போடுவேன்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பின்கள வீரர் தேவைப்பட்டார். தெரிவாகிறவருக்குத் தலைவரின் ஹாட்வெயார் கடையில் வேலையும், கடைக்கு மேலே ஓர் அறையும் உண்டு. மருமகன் என் கொப்பிகள் அனைத்தையும் லெப்டொப்பில் ஏற்றினார். ஆளைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்ப்பது பழைய காலத்து வேலையாம். எண்களே ஆளைக் காட்டுமாம்.

நான் பக்கத்து அணியின் நான்காம் இலக்கத்தைச் சொன்னேன். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து ஆடுவார். அவரைத் தாண்டிப் பந்து போய் நான் பார்த்தது குறைவு.

மருமகன் திரையை என் பக்கம் திருப்பினார். “மொதல் அறுபது நிமிசம் இவருக்கு மேல ஆளில்ல. அதுக்குப் பொறகு பாருங்க, ஆள் மவுத்து, ஓட்டமே இல்ல. எல்லா மெச்சிலயும் இதே கதை. இத நான் செல்லல்ல அண்ணன், ஒங்கட கொப்பி செல்லுது.”

என் கொப்பியை நானே மறுப்பதா? தலைவர் கண்டி டவுனில் இன்னொருவருக்கு அப்போதே போன் எடுத்து வாக்குக் கொடுத்துவிட்டார்.

செய்தி எப்படியோ தோட்டத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு மாலை, கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அந்த நான்காம் இலக்கக்காரர் நேரே உள்ளே வந்தார்.

“கடைசி அரை மணி நேரம் நான் ஓடலைன்னு சொன்னது யாரு?”

“ஒங்கட நம்பர்தான் செல்லுது” என்றார் மருமகன்.

“அந்த நேரம் நான் பஸ்ஸுல இருந்தேங்க. மெச்சு நாலு மணிக்குத்தான் தொடங்குது. அஞ்சு பத்துக்குக் கெளம்பலன்னா கண்டியில ஹேவாஹெட்ட கடைசி பஸ் கெடைக்காது. ஜெர்சியக் கழட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டுப் போயிருவேன். எங்க டீமுகிட்ட இருக்கிறதே பதினொரு ஜெர்சி.”

“அப்படி நடந்திருந்தால் என் கொப்பியில் இருக்கும்” என்றேன். தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “நான் எடது கால்காரன். வீடியோ இருந்தா போடுங்க.”

போனில் எடுத்த மூன்று போட்டிகள் இருந்தன. மைதானத்தின் மறுகரையில் முகம் தெரியவில்லை, முதுகில் இலக்கம் மட்டும் தெரிந்தது. அறுபதாவது நிமிடம் வரை நான்காம் இலக்கம் இடது காலால் அடித்தது. அதற்குப் பிறகு வலது காலால் அடித்தது. மூன்றிலும் அப்படித்தான். ஆள் மாறிய அந்தச் சொற்ப நேரத்தில் இந்தக் கரையில் நான் தெரிந்தேன். கதிரையில் குனிந்து, அடிமட்டம் வைத்து, கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா, நம்பர் பிழையில்ல” என்று மருமகன் சிரித்தார். “எழுதின ஆள்தான் பிழை.”

தலைவர் தாடியைத் தடவினார். “வாக்குக் குடுத்திட்டன். இனி மாத்த ஏலாது. அடுத்த வருசம் பாப்பம் தம்பி.”

“ரூம் கெடைச்சா கைப்புள்ளையோட வந்துறலாம்னு வீட்டுல சொல்லி வச்சிருந்தேங்க” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “பதினோரு வருசமா எழுதுறீங்களாம் சார். ஒரு தடவ பேரக் கேட்டிருக்கலாமே.”

“இலக்கம் எழுதுவதுதான் முறை” என்று ஆரம்பித்தேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். கம்பளை வீதியைக் கடந்து, கண்டிப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டி ஓடினார். நன்றாகத்தான் ஓடினார்.

மருமகன் பேனையை மேசையில் என் பக்கம் உருட்டிவிட்டார்.

“இதையும் எழுதிக்கோங்க அண்ணன். அஞ்சு பத்துக்கு ஆள் வெளிய.”

கூட்டக் குறிப்பில் அதைப் பதிய வேண்டியது என் கடமைதான். கொப்பியைத் திறந்தேன். வந்தவர் பெயர் என்ற இடத்தில் எழுத என்னிடம் இருந்தது நான்கு என்ற இலக்கம் மட்டும்.