பொன்முலாம் போன மெழுகுவர்த்தித் தாங்கி

அந்த மெழுகுவர்த்தித் தாங்கி தொலையவில்லை. நான்தான் திருடினேன். பதினோரு ஆண்டுகளாக என் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது.

அவை இரண்டு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது ஏலத்தில் விட்டவை. பக்கத்து வீட்டு டேனியலின் தாத்தா எடுத்தாராம். பொன்முலாம் பூசிய வெண்கலம். வரிவரியான தலைத்துணி கட்டிய எகிப்தியப் பெண் ஒவ்வொன்றிலும் நிற்பாள், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு. மெழுகுவர்த்தி அவள் தலைமேல்.

தன் அம்மா இறந்ததும் டேனியல், மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பகாட்டில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மெல்பர்னுக்கே போகத் தயாரானார். சாமான் கட்ட உதவியது நான். அவரை எனக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னதே இல்லை. அவர் கேட்டதும் இல்லை... அந்தத் தாங்கிகளில் ஒன்றை என் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தேன். அதைத் தேடியாவது திரும்பி வரமாட்டாரா?

மிச்சப் பெட்டிகளை எங்கள் ஸ்டோர் அறையில் விட்டுப் போனார். காணாத தாங்கி அவற்றில்தான் எங்காவது இருக்கும் என்றேன். நம்பினார்.

திரும்பி வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்தார்.

"மாலா, இன்னொன்னு கிடைச்சுச்சா?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்லா."

அரை மணி நேரம் பேசுவோம். அதை வைத்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டிவிடுவேன். கொடுத்துவிட்டால் அவர் ஏன் கூப்பிடப் போகிறார்? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு அந்த எகிப்தியப் பெண்ணையும் புளி போட்டுத் தேய்த்தேன். ஆசையாகத்தான். எங்கள் வீட்டில் மின்னுகிற எதற்கும் புளிதான். பொன் வெறும் மேல்தோல் என்று யார் கண்டது... முதலில் மூக்கில் போனது, பிறகு முகம் முழுக்க. இனி திருப்பிக் கொடுக்கவே முடியாது என்று புரிந்தபோது, பாவி, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

போன வாரம், கிறிஸ்துமஸுக்கு வெகு முன்பே அழைத்தார்.

"இனி தேட வேணாம் மாலா. இங்க ஒருத்தரு எங்கிட்ட இருக்குறதைப் பார்த்தே இன்னொன்னு செஞ்சு குடுத்துட்டாரு. ஜோடி சேர்ந்துருச்சு. உன்னைத்தான் இத்தன வருசமா அலைய விட்டுட்டேன், ஸாரி."

மன்னிப்பு அவர் கேட்டார். என்னிடம்!

"பரவால்லலா," என்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. இரண்டே நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. புளி கரைத்தேன். குத்துவிளக்கை மட்டும் தேய்த்தேன். அவளை அரிசிக்குள்ளிருந்து எடுக்கக் கை வரவில்லை... கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு வாரம். போன் வராது என்று தெரிந்தும் எண்ணுகிறேன்.