லாட்டரிக்காரி

பம்பாயின் பாண்டுப்பில் நான் இப்போது இருக்கும் பதினொன்றாவது மாடி வீட்டில் குழாயை எப்போது திறந்தாலும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு வாளியும் ஒரு குடமும் பிடித்து வைத்தால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும். தாராவியில் இருபத்தாறு வருடம் அப்படித்தான் இருந்தேன். அங்கே ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஆறேகாலுக்கு நின்றுவிடும். பக்கத்து அறை சுனந்தா சுவரைத் தட்டி, "செல்வி, பாணி ஆலா" என்பாள். தண்ணீர் வந்துவிட்டது என்று மராத்தியில் சொல்கிறாள். பாதி தகரம், பாதி செங்கல் என்று நின்ற சுவர் அது. அவள் தட்டினால் என் அலமாரியில் தம்ளர் ஆடும். இந்தக் கட்டடத்துச் சுவரைத் தட்டினால் கைதான் வலிக்கும்.

குடிவந்த முதல் வாரம் லிஃப்டில் ஒரு பெண், "லாட்டரிவாலே ஹோ க்யா?" என்று கேட்டாள். லாட்டரிக்காரியா என்கிறாள். நான் டிக்கெட் விற்கிறவள் இல்லை, கார்கானாவில் சட்டை தைக்கிறவள் என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் தன் மாடி வந்ததும் இறங்கிப் போய்விட்டாள். அவள் கேட்டது வேறு என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே பாதிப் பேர் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள். மீதிப் பேர் என்னைப் போல அரசாங்கக் குலுக்கலில் பெயர் வந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள், நாங்கள் லாட்டரிக்காரர்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் லாட்டரிச் சீட்டை ஒழித்து வெகுகாலம் ஆகிறது. பம்பாயில் அந்தச் சொல் காலையிலிருந்து இரவுவரை புழங்குகிறது. டிரெயினில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் லாட்டரி. குழாயில் பத்து நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் வந்தால் லாட்டரி. குடிக்காத மாப்பிள்ளை அமைந்தால் பெரிய லாட்டரி. நானும் சுனந்தாவும் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிச் சிரிப்போம். உண்மையில் எங்களுக்கு எதுவும் விழாது என்று தெரிந்ததால்தான் அப்படிச் சிரிக்க முடிந்தது.

ஊரில் இதற்கு யோகம் என்று பெயர். வீடு கிடைத்த செய்தி எப்படியோ திருநெல்வேலிக்குப் போய்விட்டது. என் தம்பி பொண்டாட்டி போன் போட்டாள்.

"என்ன மைனி, யோகம் அடிச்சிட்டு போல. மாடி வீடாம்லா."

"யோகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல பிள்ள. லோன் கட்டணும், எனக்குக் கண்ணு அவியுத வரைக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. ஒங்க தம்பிக்கும் ஒண்ணு எழுதிப் போடுங்களேன்."

போனை வைத்துவிட்டேன். யோகம் என்றாலும் லாட்டரி என்றாலும் சொல்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இருபத்தாறு வருடம் காலர் தைத்து காஜா எடுத்த கையை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே மெஷினில் போய் உட்கார்ந்தேன். அதை யோகம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் சுனந்தாவிடம் மட்டும் என்னால் இப்படிக் கோபப்பட முடியாது. இந்த வீடு அவள் கையால் வந்தது.

தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் சுனந்தாவின் கை ராசியான கை. கீரைக்காரி காலையில் அவள் வந்து போணி செய்தால்தான் மற்றவர்களுக்குக் கட்டைப் பிரிப்பாள். அதனால் வீட்டுக் குலுக்கலுக்கு நாங்கள் இருவரும் சைபர் கடையில் மனுப் போட்டபோது, என் மனுவுக்குக் கடைசி பட்டனை அவளை அழுத்தச் சொன்னேன். அவளும் பதிலுக்கு என் கையைப் பிடித்து இழுத்து, தன் மனுவுக்கு என்னை அழுத்த வைத்தாள். தன் கை தனக்கு உதவாது என்பது எங்கள் இருவருக்கும் நம்பிக்கை. என் கையில் ராசி உண்டா என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. சிநேகிதத்தில் அழுத்தினேன், அவ்வளவுதான்.

எனக்கு வந்தது. அவளுக்கு வரவில்லை.

பேடா வாங்கி சந்து முழுக்கக் கொடுத்தேன். அவள் வாசலுக்குக் கடைசியாகத்தான் போனேன். அதுதான் தப்பு. முதலில் போயிருக்க வேண்டும், தைரியம் இல்லை. அவள் ஒரு பேடாவை எடுத்துப் பிட்டு, பாதியை என் வாயில் வைத்தாள். "தேரா தோ லாட்டரி லக் கயா," உனக்கு லாட்டரி அடித்துவிட்டது என்றாள். பத்து நிமிடத் தண்ணீருக்குச் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்து, "மேரா ஹாத் அச்சா ஹே" என்றாள். தன் கை நல்ல கை என்கிறாள். என் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் குலுக்கல் அறிவித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். அதே சைபர் கடை. அவளுடைய மனு நிரப்பி முடிந்து கடைசி பட்டன்தான் பாக்கி. பழக்கத்தில் மவுஸுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நகோ, செல்வி." வேண்டாம் என்கிறாள். வாசலில் இருந்த கீரைக்காரியைக் கூப்பிட்டாள். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சுனந்தாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னைக் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.

வெளியே வந்தோம். என் பழைய அறையில் ஒரு பீகார்க் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கும் சுவரைத் தட்டுகிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சாய் குடித்துவிட்டுப் போ என்று அவள் சொல்வாள் என நின்றேன். "ஜல்தி ஜா, தேரா டிரெயின் சூட் ஜாயேகா," சீக்கிரம் போ, உன் டிரெயின் போய்விடும் என்றாள். சயான் ஸ்டேஷனில் ஒன்று போனால் நாலைந்து நிமிடத்தில் அடுத்த டிரெயின். அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். முதல் வாளி நிறைந்துகொண்டிருந்தபோது சுவரைத் தட்டினேன். விரல் முட்டி வலிக்க மூன்று தடவை தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது. கீழே இருக்கும் வாட்ச்மேன்.

"மேடம், பாஜூவாலா பூச் ரஹா ஹே. க்யா ஹுவா?" பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்கிறாராம்.

"பாணி ஆலா," என்றேன்.

அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார், தண்ணீர் இங்கே இருபத்துநாலு மணி நேரமும் வருகிறதே மேடம் என்று.

"தெரியும்வே," என்று தமிழில் சொன்னேன். இன்டர்காமை வைத்துவிட்டு, இரண்டாவது வாளியைக் குழாயடிக்கு நகர்த்தினேன்.