நொறுங்காத துண்டுகள்

கல் அறுப்பதில் ஆதிகேசவனுக்குக் கொஞ்சம் கர்வம்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கல் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக அதே வேலை. வடக்கே தாமிரச் சுரங்கம் தோண்டப்போகிறவர்கள் பூமியைத் துளைத்து, உருளை உருளையாகக் கல்லெடுத்து, பெட்டியில் அடுக்கி லாரியில் அனுப்புவார்கள். இவர் அதை அரைச் சாண் நீளத்துக்கு அறுத்துக் கொடுப்பார். எவ்வளவு பாரம் தாங்கும் என்று மிஷின் அமுக்கிப் பார்த்துச் சொல்லும்.

பெட்டியில் பாதிக்குமேல் நொறுங்கல்தான் இருக்கும். நொறுங்கலை மிஷினில் வைக்க முடியுமா? முழுசாக வந்த துண்டை மட்டும் பொறுக்கி அறுப்பார். அவருக்குப் பழக்கிவிட்டதே அப்படித்தான். மிச்சம் பின்பக்கப் பள்ளத்துக்குப் போகும். நொறுங்கல் எத்தனை மீட்டர் என்று எழுதத் தாளில் ஒரு கட்டம் உண்டு. யாரும் கேட்காததால் இவரும் எழுதியதில்லை.

போன தையில் சுரங்க இன்ஜினியர் துளசிராமன் வந்திருந்தார். "கல்லு சுமார்னா, தாமிரம் வெட்டின எடத்த சிமென்ட்டும் மணலும் போட்டு ரொப்பிக்கினே போவணும். கெட்டின்னா காலியாவே உட்டுடலாம். உங்க ரிப்போர்ட்ல இரும்பு மாதிரி கீதே, காலியா உட்டுட்டோம்" என்றார்.

முழுத் துண்டை மட்டும் பொறுக்கியதால்தான் ரிப்போர்ட் அப்படி வந்தது என்று ஆதிகேசவனுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும், சம்பாதித்த நல்ல பேரும் போகும். எங்கேயோ இருக்கிற சுரங்கம், நமக்கென்ன என்று பேசாமல் இருந்துவிட்டார். அந்த மௌனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

சித்திரையில் அவர் மகள் கல்பனாவின் புருஷன் எழிலரசன் அதே சுரங்கத்தில் துளைபோடும் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு வாரம் ஆதிகேசவனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலை போன் வந்தது.

"மாமா, உள்ள நம்ம பொன்னேரி கல்யாண மண்டபம் நாலு அடங்கும். நடுவுல ஒரு தூணு இல்ல. மேலேருந்து பொடி கொட்டிக்கினே கீது."

"மாப்ள, அந்தக் கல்ல அறுத்ததே நான்தான்..."

அவர் முடிப்பதற்குள் எழிலரசன் சிரித்தான். "உங்க கை பட்ட கல்லா? அப்ப இன்னா பயம் மாமா! பசங்களாண்டயும் சொல்றேன். செல்போன மேலயே குடுத்துட்டுதான் எறங்கணும். வச்சிடறேன்."

திரும்ப அடித்தார். போன் அணைந்திருந்தது. உடனே துளசிராமனைக் கூப்பிட்டு, பள்ளத்தில் கொட்டிய நொறுங்கலையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"யோவ், இத தையிலயே சொல்லக் கூடாதா? ஷிப்டு இப்பதான்யா உள்ள எறங்குச்சு."