பாவடியில் போட்ட கூடாரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையை விட்டுக் கிளம்பும்போது காலை மணி ஏழு. மேட்டூர் அணை கட்டி முடித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம், தை மாதம். பள்ளிக்கூட வாத்தியாரான நானும் என் மனைவி ராசம்மாளும் ஆளுக்கொரு சைக்கிளில். நாமக்கல்லில் இருக்கும் தன் அக்காவுக்கு, "பொங்கல் கழிந்து என் சைக்கிளிலேயே வருகிறேன்" என்று அவள் கடிதம் போட்டுவிட்டாள். நேர் ரோட்டில் போனால் முப்பத்து மூன்று மைல்தான். அது போதாதென்று ஜலகண்டாபுரம், எடப்பாடி, குமாரபாளையம், திருச்செங்கோடு என்று சுற்றி எண்பது மைலுக்கு மேல் திட்டம் போட்டவன் நான். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

சாமான்கள் ஒரு தார்ப்பாய், இரண்டு ஜமக்காளம், கயிறு, அரிசி, ஒரு பித்தளைச் சட்டி. சத்திரம் தேடுவதில்லை, கண்ட இடத்தில் கூடாரம் என்று முடிவு.

தாரமங்கலம் பதினைந்து மைல். அதற்குள் எனக்கு இரண்டு பஞ்சர். சேலை கட்டிய பெண் சைக்கிள் மிதிப்பதை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. கிணற்றடியில் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வண்டிக்காரர் என்னிடம், "ஏனுங்க, அந்தம்மா உங்ககூட வர்றவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அதற்குப் பிறகு நான் இருபது கஜம் முன்னாலேயே போனேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் போனேன்.

மாலை ஐந்தரைக்கு ஜலகண்டாபுரம். ஊர் ஓரத்தில் சுத்தமாகக் கூட்டிய நீளமான பொட்டலில் போய் உட்கார்ந்தோம். ராசம்மாளின் குதிகாலில் கொப்புளம். எதிர் வீட்டிலிருந்து நல்லம்மாள் என்ற நாற்பது வயதுப் பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நிற்கும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நாளைக்குக் காலையில ஆறரைக்குச் சேலத்துக்குப் பஸ் இருக்குதாம். நாளுக்கு ஒண்ணுதான். ஆறணா. நீ அதுல போயிரு. சைக்கிள மேல கட்டிக்கலாம்."

"கால் சரியாயிருமுங்க. அக்காகிட்டச் சொல்லிட்டேனுங்களே."

"சொன்னா என்ன? இந்தக் காலோட நாமக்கல் எங்க போறது?"

காலைச் சாக்காகச் சொன்னேன். உண்மையில் ஊர்க்கண் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. ராசம்மாள் செம்புத் தண்ணீரைக் குதிகாலில் விட்டுக்கொண்டாள். நல்லம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தி மங்கலில் கூடாரத்துக்குக் கம்பு தேடினேன். சுவரோரம் குறுக்காகக் கட்டிய மூங்கில் கால்கள் அடுக்கியிருந்தன. இரண்டு ஜோடியை எடுத்து நட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

காலை ஆறு மணி. கஞ்சி வாசனையில் கண் விழித்து வெளியே தலை நீட்டினேன். பொட்டலின் நீளத்துக்கு ஈரப் பாவு இழுத்து நின்றது. தறியில் ஏற்றுவதற்கு முன் நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தும் பாவடி அது. சேலத்துக்காரனுக்குப் பாவடி தெரியாதா என்பீர்கள். தெரியும். முந்தின நாள் ஊர்க்கண்மேல் இருந்த கோபம் கண்ணை மறைத்துவிட்டது. பாவைத் தாங்க இடுப்புயரத்தில் வரிசையாக மூங்கில் கால்கள். எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் கால்கள் இல்லை. அங்கே நாலு பேர் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று, பாவுக்கு அடியில் கம்பைக் கொடுத்துக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தை ஒட்டி நின்றவர் நல்லம்மாள்.

நான் வாய் திறப்பதற்குள், "சத்தம் போடாதீங்க சாமி. அம்மிணி அசந்து தூங்குது" என்றார்.

அவர் கணவர் பாவில் பிரஷ் இழுத்துக்கொண்டே சிரித்தார். "ரெண்டு சோடி மூங்கில் காலக் காணோம்னு தேடுனோமுங்க. பாத்தா உங்க ஊட்டுக்குத் தூணா நிக்குது."

"எழுப்பியிருக்கலாமுங்களே!"

"அவ்வளவு தூரம் மிதிச்ச புள்ளையவா? கஞ்சி போட்ட பாவுதான் காத்திருக்காதுங்க. தொய்ஞ்சு காஞ்சா நூலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதான் ஆளு நிக்கறோம்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு கிழவரிடமிருந்து கம்பை வாங்கிக்கொண்டு நானும் நின்றேன். கால் மணி நேரத்தில் தோள் இற்றுப்போயிற்று. நின்ற இடத்திலிருந்து ராசம்மாளின் முகம் தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் தூங்குவதை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். முன் தலையில் ரோட்டுப் புழுதி அப்படியே இருந்தது. இவளையா இருபது கஜம் பின்னால் விட்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கடைத்தெருப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கையை விட்டால் பாவு தொய்யும். போனால் போகட்டும் என்று நின்றேன். பாவு உலர்ந்த பிறகுதான் ராசம்மாள் எழுந்தாள். வீதிப் பெண்கள் கேட்டுக்கொண்டதற்காகப் பாவடியைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

அடுத்த நாட்களைப் பற்றி நீட்டவில்லை. கொப்புளத்துக்காக அன்று எடப்பாடி வரை ஒன்பது மைல்தான். கடலைக் காட்டில் தார்ப்பாய். குமாரபாளையத்தில் காவேரி மணல், திருச்செங்கோட்டில் ஒரு வைக்கோல் போர் ஓரம். வழியெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் "என் சம்சாரமுங்க" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். ஐந்தாம் நாள் நாலரை மணிக்கு நாமக்கல். அக்கா வாசலுக்கு ஓடிவந்து தங்கையின் காலைத் தொட்டுப் பார்த்து அழுதார்.

ஊர் திரும்பும் அன்று காலை, சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே ராசம்மாளிடம் ஒப்புக்கொண்டேன்.

"அன்னைக்கு நீ மட்டும் நேரத்துல எந்திரிச்சிருந்தா, உன்ன பஸ்ஸுல ஏத்தி விட்டிருப்பேன்."

"தெரியுமுங்க. கோழி கூப்புடறப்பவே முழிச்சுட்டேன். கண்ண மூடிட்டுக் கெடந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தன பேரு கை நோக நின்னாங்களே, பாவமா இல்லையா?"

"இருந்துச்சுங்க. நீங்க முழிக்கறதுக்கு முன்னாடியே எந்திரிக்கத்தான் போனேன். அந்த நல்லம்மாக்கா குனிஞ்சு, 'பஸ்ஸு இன்னும் போகல சாமி, படுத்துக்க'ன்னாங்க."